வர்ஜீனியா கிராமப்புறத்தில் வீடு கட்ட அனுமதி: எதை முதலில் கேட்பது?

லவுடன், ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் சில வருடம் டவுன்ஹவுஸில் இருந்துவிட்டு, மேற்கே ஒரு மணி நேரம் தள்ளி ஐந்தோ பத்தோ ஏக்கர் வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற ஆசை நம்மவர்கள் பலருக்கு இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் வேலையைத் தொடங்கும் வரிசையில் தடுமாறிவிடுகிறார்கள். முதலில் நிலம், அடுத்து ஆர்க்கிடெக்ட், பிளான் கைக்கு வந்ததும் கவுண்டி அலுவலகம் என்று போகிறார்கள். குடிநீரும் சாக்கடையும் தெருக் குழாயிலேயே ஓடும் ஊரில் அது சரிப்படும். கல்பெப்பர், ஃபாக்கியர், கிளார்க், ராப்பஹானக் போன்ற கவுண்டிகளின் கிராமப்புறத்தில் சரிப்படாது. அங்கே பில்டிங் பெர்மிட் என்பது கடைசியில் வரும் காகிதம். அதற்கு முன் ஜோனிங், மண், தண்ணீர், சாலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். அதில் ஒன்று மறுத்துவிட்டாலும் கையில் இருக்கும் பிளானுக்கு வேலை இல்லை. அதனால் எந்த வரிசையில் போனால் பணம் வீணாகாதோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். வீட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கான கட்டட விதிகள் வர்ஜீனியா முழுவதற்கும் ஒன்றுதான். மாநிலம் எழுதுகிறது, கவுண்டி நடைமுறைப்படுத்துகிறது. 2021 பதிப்பு 2024 ஜனவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த நிலத்தில் வீடு கட்டலாமா, எத்தனை கட்டலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் ஜோனிங். அது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். ஃபேர்ஃபாக்ஸில் வீடு கட்டிய நண்பரிடம் கேட்டால் முதல் பாதி பொருந்தும், இரண்டாம் பாதி பொருந்தாமல் போகலாம்.

நிலம் எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வர்ஜீனியாவில் 95 கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றோடு சேராத 38 தனி நகரங்களும் உண்டு. தபால் முகவரியில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்று இருக்கும், நிலமோ ஸ்டாஃபோர்டு கவுண்டியிலோ ஸ்பாட்சில்வேனியா கவுண்டியிலோ இருக்கும். முகவரியை நம்பாமல் வரி எண்ணை வைத்துத் தேடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு டாக்ஸ் மேப் எண் உண்டு. பட்டாவுக்குச் சர்வே எண் மாதிரி, இங்கே எல்லா அலுவலகத்திலும் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலான கவுண்டிகளின் இணைய வரைபடத்தில் அந்த எண்ணைப் போட்டால் எல்லைக்கோடு, ஜோனிங் வகை, வெள்ளப் பகுதி, ஓடை எல்லாம் தெரியும். ஆனால் அந்த வரைபடம் பார்வைக்குத்தான். எல்லையைச் சட்டப்படி சொல்வது பத்திரமும், பிளாட் என்று சர்வேயர் அளந்து போட்ட எல்லை வரைபடமும் மட்டுமே.

எண்ணை வைத்துக்கொண்டு ஜோனிங் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள், முடிந்தால் நேரிலேயே போங்கள். சின்னக் கவுண்டிகளில் கவுண்டரில் இருப்பவரே பல வருடமாக அந்த நிலங்களைப் பார்த்து வந்தவராக இருப்பார். “இந்த நிலத்தில் ஒரு வீடு கட்ட எனக்கு உரிமை இருக்கிறதா, தனி விசாரணை ஏதும் வேண்டுமா?” என்று நேராகக் கேளுங்கள். இருக்கிறது என்றால் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக நிற்கும் பதிலை வைத்து லட்சக்கணக்கான டாலரைப் போடக்கூடாது.

பத்து ஏக்கர் இருந்தால் வீடு கட்ட முடியாமலா போகும் என்று தோன்றும். போகலாம். கிளார்க் கவுண்டியில் 1980-இலிருந்து ஒரு முறை இருக்கிறது. அப்போதிருந்த நிலத்தின் பரப்பைப் பொறுத்து இத்தனை வீட்டு உரிமை என்று ஒதுக்கினார்கள். பிறகு அந்த நிலத்தைப் பிரித்து விற்கும்போது உரிமை எந்தத் துண்டோடு போனது என்பது பதிவில் இருக்கும். உரிமை இல்லாத துண்டு எவ்வளவு பெரியதானாலும் அதில் வீடு கட்ட முடியாது. ஃபாக்கியரிலும் பரப்பைப் பொறுத்து மாறும் கணக்கு உண்டு. விலை அக்கம்பக்கத்தை விட ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பத்திரத்தில் இன்னும் இரண்டைத் தேடச் சொல்லுங்கள். ஒன்று, நிலத்தை இயற்கையாகவே வைத்திருக்க முன்னாள் உரிமையாளர் எழுதிக்கொடுத்த நிரந்தரக் கட்டுப்பாடு. வர்ஜீனியா அவுட்டோர்ஸ் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளிடம் இப்படி எழுதிக்கொடுத்த நிலம் இந்தப் பக்கம் ஏராளம். கை மாறினாலும் அது கூடவே வரும். இன்னொன்று, வழி உரிமை. தனியார் மண்பாதை வழியாகத்தான் நிலத்துக்குப் போக முடியும் என்றால், அந்தப் பாதையில் போகும் உரிமை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும், யார் பராமரிப்பது என்ற ஒப்பந்தமும் வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி இதைக் கேட்காமல் விடாது.

நிலத்துக்கு விவசாய வரிச் சலுகை இருந்தால் அதையும் விசாரியுங்கள். வீட்டுக்காக ஒதுக்கும் பகுதி சலுகையிலிருந்து வெளியே வரும். நடப்பு வருடத்தோடு முந்தைய ஐந்து வருட வரி வித்தியாசத்தையும் வட்டியோடு கேட்பார்கள். மீதி நிலம் விவசாயத்துக்கான 5 ஏக்கருக்குக் கீழே போய்விட்டால் முழுச் சலுகையும் போகும்.

மண் என்ன சொல்கிறது

கிராமத்தில் சாக்கடைக் குழாய் கிடையாது. வீட்டுக் கழிவுநீர் முதலில் செப்டிக் தொட்டிக்குப் போய், அங்கிருந்து டிரெய்ன்ஃபீல்டு என்ற வயல் பகுதியில் மண்ணுக்குள் இறங்க வேண்டும். மண் அந்தத் தண்ணீரைச் சரியான வேகத்தில் குடிக்க வேண்டும். களிமண் குடிக்காது, தண்ணீர் மேலே வந்து நிற்கும். பாறை மேலாகவே இருந்தால் வடிகட்டப் போதிய மண் இல்லாமல் கழிவு நேராக நிலத்தடி நீருக்குப் போய்விடும். ஷெனன்டோவா பள்ளத்தாக்குப் பக்கம் சுண்ணாம்புப் பாறை என்பதால் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். பாறை இடுக்கு வழியாகப் போகும் தண்ணீர் எங்கே எந்தக் கிணற்றில் வரும் என்று சொல்ல முடியாது.

இதற்கு அனுமதி தருவது கவுண்டி இல்லை, மாநிலச் சுகாதாரத் துறையின் உள்ளூர் அலுவலகம். ஆனால் மண்ணைப் பார்த்து வடிவமைப்புப் போட்டுத் தருவது பெரும்பாலும் உரிமம் பெற்ற தனியார் மண் ஆய்வாளர் அல்லது பொறியாளர். அவர் வரும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். வேறெந்த நாளை விட அன்றைக்குத்தான் உங்கள் நிலத்தைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்வீர்கள். கையால் சுழற்றும் துரப்பணத்தை இறக்கி, சில அங்குலத்துக்கு ஒரு முறை மண்ணை எடுத்து வரிசையாகத் தரையில் வைப்பார். கொஞ்சம் தண்ணீர் தெளித்து விரல்களுக்கு நடுவே பிசைந்து நாடாவாக நீட்டுவார். நாடா நீளமாக வந்தால் களி அதிகம். அப்புறம் நிற அட்டைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். செம்மண்ணுக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகள் வந்தால் அந்த ஆழம் வரை மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். ஆகஸ்டு வெயிலில் பொடியாக உதிரும் மண்ணும் பிப்ரவரியில் என்ன ஆகிறது என்பதை அந்தத் திட்டுகள் காட்டிவிடும்.

விளைவு மூன்று வகையில் இருக்கலாம். சாதாரண முறை போதும் என்றால் செலவு குறைவு. மண் சுமார்தான் என்றால் கழிவை முன்கூட்டியே சுத்திகரிக்கும் மாற்று முறை போட வேண்டும். அதற்குச் செலவு பல மடங்கு ஆகலாம், உரிமம் பெற்ற ஆபரேட்டர் வருடத்துக்கு ஒரு முறையாவது வந்து பார்க்கவும் வேண்டும். மூன்றாவது, இடமே இல்லை என்ற பதில். இந்தப் பதில் நிலத்தை வாங்கிய பிறகு வரக்கூடாது. ஆகவே கொள்முதல் ஒப்பந்தத்திலேயே “செப்டிக் அனுமதி கிடைத்தால் மட்டுமே வாங்குவேன், இல்லையென்றால் முன்பணம் திரும்ப வேண்டும்” என்ற நிபந்தனையை வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். விற்பவர் “போன வருடம்தான் பார்த்தோம், பாஸ் ஆயிற்று” என்று சொன்னால் காகிதத்தைக் கேளுங்கள். இடம் தகுதியானது என்ற சான்றுக் கடிதமா, கட்டுவதற்கான செப்டிக் பெர்மிட்டா என்று பாருங்கள். பெர்மிட்டுக்கு 18 மாதம்தான் ஆயுள்.

எத்தனை படுக்கையறை?

செப்டிக் அளவைத் தீர்மானிப்பது வீட்டின் சதுர அடியோ குளியலறை எண்ணிக்கையோ இல்லை, படுக்கையறை எண்ணிக்கை. ஒரு படுக்கையறைக்கு நாளொன்றுக்கு 150 கேலன் என்று கணக்குப் போடுகிறார்கள். நம் குடும்பங்களுக்கு இது முக்கியம். அப்பா அம்மா ஆறு மாதம் வந்து இருப்பார்கள், தம்பி குடும்பம் வரும் என்று ஐந்து அறை நினைத்திருப்போம். மண் நான்குக்குத்தான் இடம் கொடுத்திருக்கும். அப்போது பிளானில் ஐந்தாவதை ஆபீஸ் ரூம் என்று எழுதிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அலமாரியும் கதவும் வெளியேறும் அளவு ஜன்னலும் இருந்தால், நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் படுக்கையறை என்றே எண்ணக்கூடும். அப்படியே தப்பித்தாலும் டிரெய்ன்ஃபீல்டு தப்பிக்காது. அதிகத் தண்ணீர் வாங்கிச் சில வருடத்தில் அடைத்துக்கொண்டால் அதைத் திரும்பப் போட இரண்டாவது இடம் வேண்டும். ஆய்வாளரிடம் ஆரம்பத்திலேயே “அதிகபட்சம் எத்தனை அறைக்கு இடம் இருக்கிறது?” என்று கேட்டு, முடிந்தவரை கூடுதலாகவே அனுமதி வாங்குங்கள்.

மசாலா வாசம் வீடு முழுக்கப் பரவாமல் இருக்க இரண்டாவது சமையலறை வைப்பதும், பெற்றோருக்குத் தனியாக அடுப்போடு ஒரு பகுதி கட்டுவதும் நம்மிடம் வழக்கமாகிவிட்டது. ஜோனிங்கைப் பொறுத்தவரை, அடுப்பும் தனி வாசலும் சேர்ந்தால் அது இன்னொரு வீடாகக் கணக்காகலாம். பல கவுண்டிகளில் இதற்கு வழி இருக்கிறது: ஒரே குடும்பம்தான், வாடகைக்கு விடமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், அல்லது துணைக் குடியிருப்பு என்று தனி விதி வைத்திருப்பார்கள். பிளான் வரைவதற்கு முன் கேட்டால் சுலபமாக முடியும்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கும் இதே வரிசைதான் நல்லது. டிரெய்ன்ஃபீல்டு எங்கே என்பதை மண் முடிவு செய்கிறது. கிணறு அதிலிருந்து அதன் வகையைப் பொறுத்து 50 அல்லது 100 அடி தள்ளி இருக்க வேண்டும். கழிவுநீர் தானாக ஓடி இறங்க வேண்டும் என்றால் வீடு மேட்டுப் பக்கம் வர வேண்டும், இல்லையென்றால் பம்பு வைக்க வேண்டும். இவையெல்லாம் தாளில் வந்த பிறகு வாஸ்து பார்ப்பவரிடம் கொடுங்கள். வடகிழக்கில் கிணறு, கிழக்கு பார்த்த வாசல் என்று முதலில் முடிவு செய்துவிட்டு மண்ணோடு சண்டை போட முடியாது. ஐந்து ஏக்கரில் இரண்டுக்கும் ஒத்து வரும் இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கிணற்று அனுமதியும் அதே சுகாதார அலுவலகத்தில்தான், செப்டிக்கோடு சேர்த்தே விண்ணப்பிக்கலாம். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தை அந்தப் பக்கம் போர் போடுபவரிடம் கேட்டால் ஓரளவு பிடிபடும். குடியேறுவதற்கு முன் பாக்டீரியா சோதனை தேறியிருக்க வேண்டும்.

சாலையிலிருந்து உள்ளே

1932-இல் வந்த ஒரு சட்டத்திலிருந்து வர்ஜீனியாவின் கிராமச் சாலைகளை மாநிலப் போக்குவரத்துத் துறைதான் பார்த்துக்கொள்கிறது. ஆர்லிங்டன், ஹென்ரைகோ இரண்டும் விலக்கு. பலகையில் 600-க்கு மேல் எண் போட்ட குட்டிச் சாலைகளும் அதில் சேர்ந்தவை. அந்தச் சாலையிலிருந்து உங்கள் நிலத்துக்குள் டிரைவ்வே திருப்ப அவர்களிடம் அனுமதி வேண்டும். அவர்கள் பார்ப்பது முக்கியமாக இரண்டு: வெளியே வரும் காருக்கு இரண்டு பக்கமும் போதிய தூரம் பார்வை இருக்கிறதா, சாலையோரப் பள்ளத்தில் ஓடும் மழைநீர் தடைபடாமல் இருக்க அடியில் எந்த அளவு குழாய் போட வேண்டும். வளைவிலோ மேட்டின் உச்சிக்குக் கீழேயோ நிலம் இருந்தால் நீங்கள் நினைத்த இடத்தில் வாசல் கிடைக்காமல் போகலாம். வாசல் நகர்ந்தால் டிரைவ்வே நகரும், டிரைவ்வே நகர்ந்தால் டிரெய்ன்ஃபீல்டு மேல் ஏறக்கூடாது. இதனால்தான் இதையும் பிளானுக்கு முன்பே முடிக்கச் சொல்கிறேன்.

கட்டுமானத்துக்காகப் பறித்துப் புரட்டும் நிலம் 10,000 சதுர அடியைத் தொட்டால் மண் அரிப்பைத் தடுக்கும் அனுமதியும் சேரும். செசபீக் விரிகுடாப் பாதுகாப்புப் பகுதிகளில் 2,500 சதுர அடியே வரம்பு. வீட்டு அடித்தளம் மட்டுமல்ல, டிரைவ்வே, டிரெய்ன்ஃபீல்டு, மண் குவிக்கும் இடம் எல்லாம் கணக்கில் வரும் என்பதால் புது வீட்டுக்கு அநேகமாகத் தேவைப்படும். ஒற்றை வீட்டுக்குத் தனித் திட்டத்துக்குப் பதில் ஒரு ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பல கவுண்டிகள் ஏற்றுக்கொள்கின்றன. இந்த அனுமதி வருவதற்கு முன் மரத்தை வெட்டி வேரைப் பிடுங்கத் தொடங்க வேண்டாம். விரிகுடாப் பகுதிக் கவுண்டி என்றால், வற்றாத ஓடையை ஒட்டிய 100 அடிப் பட்டையை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

இப்போது பில்டிங் பெர்மிட்

இங்கே வரும்போது பாதிக் கஷ்டம் தீர்ந்திருக்கும். வீடு, கிணறு, டிரெய்ன்ஃபீல்டு, டிரைவ்வே எல்லாவற்றையும் எல்லையிலிருந்து தூரத்தோடு காட்டும் தள வரைபடம், அறை வரைபடங்கள், அடித்தளம் முதல் கூரை வரை வெட்டுத் தோற்றம், சுவர் வலுவூட்டல், கூரை டிரஸ் விவரம், வெப்பக் காப்பு விவரம் ஆகியவை வேண்டும். வழக்கமான மரச்சட்ட வீட்டுக்குப் பெரும்பாலும் பொறியாளர் முத்திரை தேவையில்லை. நீளமான இரும்பு உத்திரம், பெரிய கண்ணாடிச் சுவர் என்று போனால் கேட்பார்கள். பிளானில் அறை எண்ணிக்கையும் செப்டிக் பெர்மிட்டில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் இது வழக்கமான காரணம்.

பெர்மிட்டை காண்ட்ராக்டர் பெயரில் எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் சொந்த வீட்டை நீங்களே நின்று கட்டலாம், சட்டம் அனுமதிக்கிறது, அதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஆனால் ஒருவர் “பெர்மிட்டை உங்கள் பேரில் எடுங்கள், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால் முதலில் அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலத் தொழில் உரிமத் துறையின் தளத்தில் பெயரைப் போட்டால் இலவசமாகத் தெரியும். உங்கள் பெயரில் பெர்மிட் இருந்தால் விதி மீறலுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

படிவத்தில் மெக்கானிக்ஸ் லீன் ஏஜென்ட் என்று ஒரு வரி இருக்கும். காண்ட்ராக்டர் தன் துணை ஆட்களுக்குப் பணம் தராமல் விட்டால் அவர்கள் உங்கள் வீட்டின் மேலேயே உரிமை கோரலாம். ஏஜென்டின் பெயர் பெர்மிட்டில் இருந்தால் துணை ஆட்கள் முன்கூட்டியே அவருக்குத் தெரிவிக்க வேண்டும், யார் யார் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். வங்கிக் கடனில் கட்டினால், நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அந்த இடத்தில் வரும். ரொக்கத்தில் கட்டுபவர்கள் அந்த வரியைக் காலியாக விடுகிறார்கள். விடாதீர்கள்.

பெர்மிட் கிடைத்து ஆறு மாதத்துக்குள் வேலை தொடங்க வேண்டும், தொடங்கியபின் ஆறு மாதம் நின்றாலும் காலாவதியாகும். 256 சதுர அடி வரையிலான சாமான் கொட்டகைக்கும், உண்மையான பண்ணைக் கட்டடத்துக்கும் பில்டிங் பெர்மிட் தேவையில்லை. ஜோனிங் இடைவெளி அப்போதும் பொருந்தும். கொட்டகையை வைத்துவிட்டு உள்ளே குளியலறை, கட்டில் என்று சேர்த்தால் அது கொட்டகை இல்லை. “இங்கெல்லாம் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்” என்று பக்கத்து நிலத்துக்காரர் அன்போடுதான் சொல்வார். விற்கும் நாளில் வாங்குபவரின் வங்கி வந்து பார்க்கும்.

குழி மூடும் முன்

தோண்டுவதற்கு மூன்று வேலை நாள் முன்பு 811 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், மண்ணுக்கடியில் கம்பியும் குழாயும் எங்கே போகின்றன என்று இலவசமாக வந்து குறி போடுவார்கள். முன்னாள் உரிமையாளர் தானே புதைத்த மின்கம்பிக்கும் குழாய்க்கும் குறி போட மாட்டார்கள், அதை அவரிடமே கேட்க வேண்டும்.

பரிசோதனைகள் எல்லாம் ஒரே தத்துவம்தான்: மூடுவதற்கு முன் காட்ட வேண்டும். அடித்தளக் குழி, காங்கிரீட் ஊற்றும் முன். இங்கே உறைபனி மண்ணைத் தூக்கும் என்பதால் ஆழம் முக்கியம். வடக்கு வர்ஜீனியாவில் 24 அங்குலம் என்று அடிக்கடி சொல்வார்கள், உங்கள் கவுண்டி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடித்தளச் சுவரின் நீர்காப்பு, மண் தள்ளும் முன். சட்டகம், குழாய், மின்கம்பி, காற்றுக் குழாய், சுவர் மூடும் முன். பின்பு வெப்பக் காப்பு, கடைசியில் இறுதிப் பரிசோதனை. செப்டிக்கைச் சுகாதாரத் துறை விதிப்படி தனியாகப் பார்ப்பார்கள், அதுவும் மண் மூடும் முன். ஒவ்வொரு முறையும் அங்கீகரிக்கப்பட்ட பிளான் தளத்திலேயே இருக்க வேண்டும். மழைக்குப் பின் குழியில் தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

இன்ஸ்பெக்டர் மறுத்தால் எந்த விதிப் பிரிவு என்று பணிவாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் அந்தப் பிரிவைப் படித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துவிடும். உண்மையிலேயே உடன்பாடு இல்லையென்றால் கட்டட விதி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது, முடிவு வந்த 30 நாளுக்குள் போக வேண்டும். ஜோனிங் முடிவுக்கு வேறொரு குழு, அதற்கும் 30 நாள். கோபத்தில் நாட்களை விட்டுவிடாதீர்கள்.

மின்சாரம் பெரும்பாலும் கூட்டுறவு நிறுவனம் தரும். கவுண்டி மின் பரிசோதனை முடித்துத் தகவல் அனுப்பாமல் அவர்கள் மீட்டர் மாட்ட மாட்டார்கள். கம்பம் தூரமாக இருந்தால் கம்பி இழுக்கும் செலவு உங்களுடையது, எனவே மதிப்பீட்டை நிலம் வாங்கும்போதே கேளுங்கள். அவசர ஊர்தி வந்து சேர வீட்டு எண் ஒதுக்குவதும் கவுண்டிதான். அந்த எண் சாலையோரத்தில் தெரிந்தால்தான் இறுதிப் பரிசோதனை முடியும் என்று சில இடங்களில் சொல்வார்கள்.

இறுதிப் பரிசோதனை தேறி, செப்டிக் இயக்க அனுமதியும் கிணற்றுச் சோதனை முடிவும் வந்து சேர்ந்ததும் குடியிருப்புச் சான்று தருவார்கள். அது கையில் வரும் வரை பால் காய்ச்சும் தேதியை உறவினர்களுக்கு உறுதியாகச் சொல்லாதீர்கள். ஊரிலிருந்து விமானச் சீட்டு எடுத்துவிட்டார்கள் என்பதற்காக இன்ஸ்பெக்டரை அவசரப்படுத்த முடியாது. செப்டிக் வரைபடத்தை மட்டும் தனிக் கோப்பில் வையுங்கள். விரிகுடாப் பாதுகாப்புப் பகுதியில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், வருகிறவர் முதலில் கேட்பது தொட்டி மூடி எங்கே என்றுதான்.